விளையாட்டும் விதியும்

விதி என்னும் சொல்லுக்கு நமது மொழியிலே இரு பொருள் உண்டு. ஊழ் என்பது ஒன்று. ஒழுங்கு என்பது மற்றொன்று. தாயம் ஆடும் வீட்டில் இவ்விரண்டும் ஒரே பாயில் அமர்ந்திருக்கக் காணலாம். குலுக்கிப் போட்ட சோகிகள் எவ்வாறு விழும் என்பது ஊழின் பாற்பட்டது. விழுந்த எண்ணுக்குக் காய் எத்தனை கட்டம் நகரும், எங்கே வெட்டும், எங்கே வெட்டுப்படாது என்பவை ஒழுங்கின் பாற்பட்டவை. முன்னதை மாற்ற எவராலும் இயலாது. பின்னதைக் கற்க எவராலும் இயலும். ஆயினும், புதிதாக ஆட வந்தவரை அவ்வொழுங்கைக் கற்கச் செய்வது எத்துணைக் கடினம் என்பதை, சென்ற சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாவுலவிலே நாம் நேரிற் கண்டோம். கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அங்கே 13 வயதுச் சிறுமி ஒருத்தியும் 80 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரும் புகட்டிய பாடத்தை வாசகர்களுக்கும் கூற விரும்புகின்றோம்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் கண்டி – யாழ்ப்பாண நெடுவீதியில் அமைந்த சிற்றூர் நாவுல. நமது தமக்கையார் குடும்பத்தினர் அங்கே வசிக்கின்றனர். கொழும்பிலே உயர்கல்வி கற்கும் அவருடைய மூத்த மகன் விடுமுறைக்கு வந்தபோது, தங்கைக்குச் சட்டைத் துணியும் தாயாருக்குச் சேலையும் கொணர்ந்ததோடு, தனக்கென ஒரு தடித்த ஆங்கில நூலையும் ஒரு சிறு பை நிறையப் பகடைகளையும் கொணர்ந்திருந்தான். அப்பகடைகள் நாம் அறிந்தவை அல்ல. 4 முகம், 8 முகம், 12 முகம், 20 முகம் என்று கேத்திரகணித வகுப்பில் மட்டுமே நாம் கண்ட உருவங்களெல்லாம் அந்தப் பையிலிருந்து உருண்டு வந்தன.

"இது என்ன சூது, தம்பி?" என்று வினவினோம்.

"சூது அன்று, மாமா. மேசையிலேயே ஆடும் கூத்து" என்றான்.

மேசைக் கூத்து

அவன் கூறியது பொருத்தமான விளக்கமே. கூத்திலே அண்ணாவியார் ஒருவர் இருப்பதுபோல் இவ்விளையாட்டிலும் கதை நடத்துபவர் ஒருவர் உண்டு. ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வைத்தியர். ஆனால் கூத்துக்கு உள்ளதுபோல் முன்னரே எழுதிய ஏடு இதற்கு இல்லை. "இடிந்த கோட்டையின் வாயில் பூட்டியிருக்கின்றது, என்ன செய்வீர்கள்?" என்று அண்ணாவியார் கேட்பார். "மதிலில் ஏறுவேன்" என்பார் ஒருவர். ஏறினாரா, வழுக்கினாரா என்பதைப் பகடை தீர்மானிக்கும். எந்தப் பகடை, எத்தனை விழவேண்டும், விழாவிடில் யாது நிகழும் என்பவற்றை விதிநூல் தீர்மானிக்கும்.

இவ்வகை விளையாட்டுகளுள் முதலில் அச்சேறி விற்பனைக்கு வந்தது, பாதாளச் சிறைகளும் பறக்கும் நாகங்களும் எனப் பொருள்படும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவிலே கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டு ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக அதனை வெளியிட்டனர். 2014இல் வந்த பதிப்பிலே, ஆடுவோருக்கான நூல் மாத்திரம் 320 பக்கம். நமது மருமகன் கொணர்ந்ததும் அதுவே. ஆசிரியராகிய நமக்கே அதன் கனத்தைக் கண்டதும் சற்றுத் தலை சுற்றியது.

நான்கு இரவுகள்

முதலாம் நாள் இரவு, மின்குமிழின் கீழே மேசையைச் சூழ ஐவர் அமர்ந்தனர். மருமகன், அவனுடைய தங்கை, சிறிய தகப்பனார் மக்கள் இருவர், அயல்வீட்டுச் சிங்களச் சிறுவன் ஒருவன். மருமகன் எழுந்து நின்று விதிகளை விளக்கத் தொடங்கினான். அவன் நன்றாகவே விளக்கினான். ஒழுங்கு முறையாக, நூலின் முதற் பக்கத்திலிருந்து விளக்கினான். நாம் வகுப்பறையில் எவ்வாறு விளக்குவோமோ அவ்வாறே விளக்கினான் என்பதை இப்போது வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். அரை மணி கழிந்ததும் சிறுவன் கொட்டாவி விட்டான். ஒரு மணி கழிந்ததும் தங்கை, "நாங்கள் எப்போது ஆடுவது, அண்ணா?" என்றாள்.

அவனுக்குச் சினம் உண்டாயிற்று. "சரி, நீங்கள் ஒன்றும் கற்க வேண்டாம். நான் சொல்லும்போது பகடையை உருட்டினால் போதும், மிகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

அதன் பின்னர் மூன்று இரவுகள் ஆட்டம் நடந்தது. எல்லோரும் மகிழ்ந்திருந்தனர் என்றே நாம் எண்ணினோம். ஆயின் உண்மையில் ஆடியவன் ஒருவனே. அவன் ஒருவனே கணக்கிட்டான், அவன் ஒருவனே தீர்ப்புச் சொன்னான். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்து, "இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தனர். 18 விழுந்தாலும் 3 விழுந்தாலும் அவன் வாய் திறக்கும் வரையில் அவர்களுக்கு அது வெறும் எண்.

நான்காம் இரவு, தங்கையின் பாத்திரமாகிய வைத்தியப் பெண், தோழரை விட்டுத் தனியே ஒரு குகைக்குள் நுழைந்தாள். அங்கே ஓநாயொன்று பாய்ந்தது. அவளுடைய உயிர்ப்புள்ளி பூச்சியமாயிற்று. "இறந்துவிட்டாய்" என்றான் அண்ணன். சிறுமி ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவள் பெயர் சூட்டியிருந்தாள்; தாளின் ஓரத்தில் அவளுடைய உருவத்தையும் வரைந்திருந்தாள். அத்தாளை நான்காக மடித்துக்கொண்டு எழுந்து சென்றாள். "விளையாட்டுத்தானே, பிள்ளாய்" என்று நாமும் தேற்றினோம். அதனினும் பயனற்ற சொல் வேறொன்று இல்லை.

கெடிகேயின் முன்னர்

மறுநாட் காலை மருமகனை அழைத்துக்கொண்டு அண்மையிலுள்ள நாலந்தா கெடிகேக்குச் சென்றோம். பல்லவர் காலத்துக் கோயிலமைப்பை நினைவூட்டும் அக்கற்கட்டடம் பௌத்த வழிபாட்டுக்கும் உரியதாக விளங்கிய அருமையான சின்னம். போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அது நீருள் மூழ்கும் நிலை ஏற்பட்டமையால், கற்களைப் பிரித்தெடுத்து உயர்ந்த இடத்தில் மீண்டும் கட்டினார்கள்.

அதன் படியில் அமர்ந்தபடி மருமகன் தன் குறையைக் கூறினான். "ஒருவரும் நூலைத் தொடுகிறார்கள் இல்லை, மாமா. கதையும் நான், கணக்கும் நான், தீர்ப்பும் நான். நான் களைத்துவிட்டேன். என் பிள்ளையா செத்தது? ஆனாலும் எல்லோரும் என்னைத்தான் குற்றவாளியாகப் பார்க்கிறார்கள்."

அவன் கூற்றிலும் நியாயம் இருந்தது. கற்க மறுப்பவர்களின் சுமை முழுவதையும் ஒருவன் சுமப்பது எளிதன்று. அதே வேளையில், "நீங்கள் கற்க வேண்டாம்" என்று கூறி அச்சுமையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டவனும் அவனே. எதிரே நின்ற கட்டடத்தை நோக்கினோம். எந்தக் கல்லின் மேல் எந்தக் கல் என்பதை அங்கு ஒருவர் மட்டும் மனத்தில் வைத்திருந்து, அவர் நோய்வாய்ப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினோம். கற்குவியலே மிஞ்சியிருக்கும். அதனை அவனிடம் கூறினோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஆச்சியின் பலகை

அன்று பிற்பகல், அயல்வீட்டு விறாந்தையில் அச்சிங்களச் சிறுவனுடைய பாட்டியார் ஒலிந்தப் பலகையை எடுத்து வைத்தார். சிங்களத்திலும் பாட்டியை ஆச்சி என்றே அழைப்பர். ஆதலால் நமது வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர் ஆச்சியே. ஒலிந்த என்பது குன்றிமணி. பக்கத்துக்கு 7 ஆக 14 குழிகள் கொண்ட அப்பலகை, நமது பல்லாங்குழிக்கு உடன்பிறப்பு. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் சிங்கள இல்லங்களில் பெண்கள் அதனை ஆடுவது பழைய வழக்கம்.

அன்றைய மாணாக்கி ஆச்சியின் ஆறு வயதுப் பேர்த்தி. ஆட்டம் தொடங்குமுன் ஆச்சி ஒரே ஒரு விதியைக் கூறினார்: "ஒரு மணியும் வாய்க்குள் போகக் கூடாது." குன்றிமணியை மென்றால் உயிருக்கே ஆபத்து என்பதை வாசகர்கள் அறிவர். அந்த ஒன்றைத் தவிர வேறெதனையும் அவர் முன்கூட்டிக் கூறவில்லை. குழிக்கு நான்காக மணிகளை இட்டார். குழந்தையின் கையைப் பிடித்து ஒரு குழியின் மணிகளை அள்ளச் செய்து, ஒவ்வொன்றாக அடுத்தடுத்த குழிகளில் இடச் செய்தார். கைமணி தீர்ந்ததும், "அடுத்ததை அள்ளு" என்றார். வெற்றுக் குழி எதிர்ப்பட்டபோதுதான், "இதனைத் தாண்டி அங்கே இருப்பது உனக்கு" என்றார். அந்த விதி அந்தக் கணத்தில் குழந்தைக்குப் பரிசாக வந்தது. அதை அவள் மறப்பாளா?

குழந்தை பிழை விட்டபோது ஆச்சி கடிந்துகொள்ளவில்லை. மணிகளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். மூன்றாவது ஆட்டத்தில் நாம் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஆச்சி, தமக்கு உரிமையில்லாத குழியிலிருந்து மணிகளை அள்ளினார். குழந்தை சட்டென்று அவர் மணிக்கட்டைப் பற்றி, "ஆச்சி, அது என்னுடையது!" என்று கூவினாள். ஆச்சி பொக்கை வாய் மலரச் சிரித்தார். அவர் தவறவில்லை, சோதித்தார். அத்தேர்விலே பேர்த்தி தேறிவிட்டாள்.

நமது மருமகள் தூணில் சாய்ந்து இதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் அவளைக் காணவில்லை.

16ஆம் பக்கமா, 60ஆம் பக்கமா?

அவள் வீட்டுக்குள் சென்று, அண்ணனின் ஆங்கில நூலையும் நமது அகராதியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தமிழ் மொழிமூலம் கற்கும் பிள்ளை. ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. எந்தப் பக்கத்தில் தேடுவது என்பதும் தெரியாது. பொருளடக்கத்தைப் பார்த்து, மரணம் என்னும் பொருளுடைய சொல்லைத் தேடி, இராச் சாப்பாட்டு வேளைக்குள் அப்பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணா, இதை ஒருக்கால் வாசியுங்கள். நான் விளங்கிக்கொண்டது சரியா?"

அவள் விளங்கிக்கொண்டது சரி. உயிர்ப்புள்ளி பூச்சியமான பாத்திரம், மிகப் பெரிய அடியினால் அழிந்தாலன்றி, உடனே இறந்துவிடுவதில்லை, நினைவிழந்து வீழ்கின்றது. பின்னர் தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி. குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் தங்கும். மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம்.

மருமகன் இருமுறை வாசித்தான். "எனக்குச் சொல்லித் தந்தவர்கள் இப்படித்தான் ஆடினார்கள். நான் இந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை" என்றான். பின்னர் அவன் செய்ததை நாம் மெச்சுகின்றோம். இதுவரை தன் கதிரையருகே வைத்திருந்த நூலை எடுத்து மேசையின் நடுவில் வைத்தான். "உருட்டு" என்றான்.

தோழர் எவரும் அருகில் இல்லாத குகை. அவள் உருட்டினாள். 14. அடுத்து 6. அடுத்து 11. எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தனர். அடுத்து 4. அடுத்து 9. மூன்று தோல்வி.

அவள் அழவில்லை. "இப்போது செத்தது சரி" என்று கூறிப் புதிய தாளொன்றை எடுத்தாள். முந்தைய இரவு வைத்தியப் பெண்ணைக் கொன்றது அண்ணனின் அறியாமை. இந்த இரவு கொன்றது ஊழ். விளைவு ஒன்றேயாயினும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அச்சிறுமி நன்கு உணர்ந்திருந்தாள்.

உலகத்தார் கண்ட வழி

இச்சிக்கல் நாவுலவுக்கு மட்டும் உரியதன்று. 1824ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டிலே ரைஸ்விட்ஸ் என்னும் படை அதிகாரி, அதிகாரிகளின் பயிற்சிக்காகப் போர் விளையாட்டொன்றை வெளியிட்டார். அதில் நடுவர் ஒருவர் கணக்கிட, ஆடுவோர் தத்தம் படைக்குக் கட்டளை மட்டும் பிறப்பித்தனர். எனினும் கணக்குகள் நடுவரையே நசுக்கின. ஆதலால் 1876இல் வெர்டி டு வெர்நுவா என்னும் தளபதி, அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பே போதும் என்று விதிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார். போர்க்களம் கண்ட தளபதி நடுவராக இருக்கும் வரையில் அது நல்ல வழியே. விடுமுறைக்கு வந்த அண்ணன் நடுவராக இருக்கும்போது அது போதாது.

1974இல் வெளிவந்த மூன்று நூல்களும் புதியவர்க்கு எளிதில் விளங்கவில்லை. ஆகவே எரிக் ஹோம்ஸ் என்னும் மருத்துவப் பேராசிரியர் அவற்றைத் தெளிவாக்கித் தொகுக்க, 1977இல் தொடக்கநிலையினர்க்கான பெட்டி வெளிவந்தது. 1983இல் பிராங் மென்ட்சர் இயற்றிய பதிப்பு இன்னும் ஒரு படி முன் சென்றது. அந்நூலைத் திறந்ததும் விதிகளின் பட்டியல் இல்லை, கதை தொடங்குகின்றது. வாசகரே வீரர். குகைக்குள் நுழைகின்றார், பாம்பு எதிர்ப்படுகின்றது, அப்போதுதான், அடிக்க எந்தப் பகடை என்பது சொல்லப்படுகின்றது. கதை முடிவதற்குள் அடிப்படை விதிகள் கைவந்துவிடுகின்றன. நாவுல ஆச்சியின் முறையும் இதுவேயன்றோ!

நமது பழங்கதையும் இதனையே காட்டுகின்றது. சூதிலே நாடிழந்த நளன், இருதுபன்னனின் தேரை ஓட்டிச் செல்லும் வழியில், தான்றி மரத்தின் அருகே சூதின் நுட்பத்தைக் கற்றான். பதிலுக்குத் தன் குதிரைக் கலையைக் கொடுத்தான். கற்ற பின்னரே புட்கரனை வென்று நாட்டை மீட்டான். அவன் கற்றது வழியிலே, தேவை நேர்ந்தபோது.

சில யோசனைகள்

எனவே, எவ்வகை விளையாட்டாயினும், புதியவர்க்குக் கற்பிக்க முனையும் மாணவ அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. முதலில் ஒரே விதியுடன் தொடங்குங்கள். மேற்சொன்ன விளையாட்டுக்கு அது போதும்: 20 முகப் பகடையை உருட்டு, உன் திறனுக்குரிய எண்ணைக் கூட்டு, குறித்த எண்ணை எட்டினாயா என்று பார். ஏனையவற்றை அவை தேவைப்படும் கணத்தில், அவை ஆடுபவருக்கு உதவும் வேளையில் சொல்லுங்கள். முக்கிய விதிகளை ஒரே தாளில் தமிழில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியைப் பொறுப்பாக ஒப்படையுங்கள். மந்திரவாதியாக ஆடுபவரே மந்திர விதிகளுக்குக் காவலர் ஆகட்டும். ஐயம் எழுந்தால் ஆட்டத்தை நெடுநேரம் நிறுத்தாது அப்போதைக்கு ஒரு முடிவு செய்து, ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து நூலைப் பாருங்கள். பிழையெனக் கண்டால் திருத்தத் தயங்காதீர்கள்.

ஆட வருபவர்களுக்கும் ஒரு சொல். "எனக்கு விதி வேண்டாம், நீங்களே சொல்லுங்கள்" என்பது அடக்கம் போலத் தோன்றும். ஆனால் விதியை அறியாதவருக்கு முறையிடும் உரிமை இல்லை. தமக்கு அநியாயம் நேர்ந்ததா, ஊழ் நேர்ந்ததா என்பதையே அவர் அறியமாட்டார். இது மேசைக்கு மட்டும் பொருந்தும் உண்மையா என்பதை வாசகர்களே சிந்திப்பார்களாக.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் மருமகள் ஓர் அப்பியாசக் கொப்பியை நம்மிடம் காட்டினாள். ஆச்சி அறிந்த ஒலிந்த ஆட்டங்களை அவள் அதில் எழுதத் தொடங்கியிருந்தாள். இலங்கையின் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், 1909இல் வெளியான தமது நூலிலே இந்நாட்டு விளையாட்டுகள் பலவற்றை விவரித்திருக்கின்றார். ஆயினும் வீட்டுக்கு வீடு வேறுபடும் வழக்கங்களை எந்த நூல் முழுவதும் தாங்கும்? ஆச்சிக்குச் சென்ற ஆண்டிலிருந்து கண் மங்கி வருகின்றது. மணிகளை விரலால் தடவியே எண்ணுகின்றார். அவர் சொல்லச் சொல்ல அயல்வீட்டுச் சிறுவன் விளங்காத சிங்களச் சொற்களை விளக்க, மருமகள் தமிழில் எழுதுகின்றாள்.

"எத்தனை ஆட்டம் எழுதியாயிற்று?" என்றோம்.

"இரண்டு, மாமா. ஆச்சிக்கு இன்னும் தெரியுமாம். மறந்துபோகும் முன்னம் கேட்க வேண்டும்" என்றாள்.

பஸ் வந்துவிட்டது. அடுத்த விடுமுறைக்கு வரும்போது அக்கொப்பி நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்லி விடைபெற்றோம்.